பிளேஸ்மென்ட் செல்லுக்குப் போனால் வேலை கிடைக்குமா?

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் பால்வெட்டுத் தொழில் செய்கிறேன். சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் நிற்கிறது, மீதி கூலிக்கு வெட்டுகிறேன். மகள் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள், இப்போது நாலாவது செமஸ்டர். முடிந்த மூன்று செமஸ்டருக்கும் சேர்த்து 58 சதவீதம், அரியர் இல்லை. கல்லூரியில் மாதம் ஒரு சனிக்கிழமை கேரியர் கைடன்ஸ் என்று கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு எனக்க பிள்ளை வீட்டில் இருந்தால் ரப்பர் பால் எடுக்க வரும் வண்டிக்காரரிடம் கணக்குப் பார்ப்பாள். ஒரு தடவை அவர்கள் மெட்ரோலாக் என்ற கருவியை வைத்து டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர்ந்த ரப்பரின் சதவீதம்) 28 என்றபோது ஒத்துக்கொள்ளாமல் லேபில் பார்க்கச் சொன்னாள், 33 வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பையன் மூன்று வருஷமும் அந்தக் கைடன்ஸ் வகுப்புக்கு ஒன்றுவிடாமல் போனான், இப்போது சும்மா இருக்கிறான். இன்னொருவன் ஒருநாள்கூடப் போகவில்லை, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். அவனுடைய சித்தப்பா மகன் முன்னாடியே அங்கே இருந்தான். சொந்தக்காரர்கள் பி.எட். போடு என்கிறார்கள். நாகர்கோவிலில் ஓர் இடத்தில் 35,000 ரூபாய் கட்டினால் வேலை உறுதி என்கிறார்கள். கல்லூரி வகுப்பால் பிரயோஜனம் உண்டா, இல்லை அதுவும் சும்மாவா? நானும் கூடப் போய்க் கேட்கலாமா?

பதில்:

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை பதில் தேடி வாசித்தேன். இரண்டாம் தடவை அந்த மெட்ரோலாக் விஷயத்துக்காக. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு பையன்கள். வகுப்புக்குப் போனவனுக்கு வேலை இல்லை, போகாதவனுக்கு வேலை இருக்கிறது, அப்படியானால் வகுப்பு சும்மா என்று கணக்குப் போடத்தான் தோன்றும். ஆனால் பதிலை நீங்களே ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள்: அவனுடைய சித்தப்பா மகன் முன்னாடியே அங்கே இருந்தான். எந்தக் கம்பெனி எப்போது ஆள் எடுக்கும், இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், ரெஸ்யூமில் எதை எழுத வேண்டும், டெக்னோபார்க் இருக்கிற கழக்கூட்டத்தில் எங்கே தங்கலாம் என்பதெல்லாம் அவனுக்கு வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்திருக்கும். அவனுக்கும் கேரியர் கைடன்ஸ் நடந்தது, கல்லூரியில் நடக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு சித்தப்பா மகன் இல்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் கல்லூரியில் பிளேஸ்மென்ட் செல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அல்லது அதற்காக வைத்திருக்க வேண்டும்.

மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். 1973-இல் அது கட்டுரையாக வந்தது. தெரிந்தவர் சொல்லி வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துப் பழகுகிறவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற, ஏறக்குறைய மறந்தே போன ஆட்கள் வழியாகத்தான் சேதி வந்திருக்கிறது. காரணம் சுலபம். கூடவே இருப்பவருக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான் தெரியும். தூரத்தில் இருப்பவருக்குத்தான் வேறு ஏதாவது தெரியும். உங்களுக்குத் தெரிந்த பத்துப் பேரை எண்ணிப் பாருங்கள், பாதிப் பேர் அதிகாலையில் உங்களோடு மரத்தடியில் நிற்பவர்களாக இருப்பார்கள். மகளின் கல்லூரியில் இதற்கு முன் இயற்பியல் படித்து வெளியே போன பிள்ளைகள் இப்போது பெங்களூரு, திருவனந்தபுரம், துபாய் என்று கிடப்பார்கள். அவர்களுடைய பட்டியல்தான் பிளேஸ்மென்ட் செல் அறையில் இருக்கிற பெரிய சொத்து. கம்பெனிக்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பரீட்சை வைத்துவிட்டுப் போவதைவிட அது பெரியது. ஆனால் அதைக் கேட்டு வாங்குகிற மாணவர்கள் ரொம்பக் குறைவு.

சரி, கைடன்ஸால் பலன் உண்டா என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். வேலை தேடுபவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த 47 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. பயிற்சி பெற்ற கூட்டத்தில் வேலை கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் உள்ள விகிதம், பயிற்சி பெறாத கூட்டத்தின் விகிதத்தைப்போல் 2.67 மடங்கு இருந்தது. அதில் இன்னொன்றும் சொன்னார்கள். ரெஸ்யூம் எழுதுவது, இன்டர்வியூவில் பேசுவது மாதிரியான திறமையையும் சொல்லிக்கொடுத்து, சோர்ந்துபோகாமல் தேடுகிற மனத்தையும் உண்டாக்கிய பயிற்சிகள்தான் பலித்தன. ஒன்றை மட்டும் செய்தவை அவ்வளவாகப் பலிக்கவில்லை. 2000-இல் வந்த வேறொரு தொகுப்பு, எதிர்காலத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் பயிற்சிகளில் எது வேலை செய்கிறது என்று பார்த்தது. மாணவர் தன் கையால் எழுதிப் பார்ப்பது, ஒருவர் தனியாக உட்கார்ந்து அவருக்கென்று பதில் சொல்வது, வேலைகளைப் பற்றிய நிஜத் தகவல், அந்த வேலையில் இருப்பவரைப் பார்ப்பது, வீட்டாரின் துணை. இந்த ஐந்தும் பட்டியலில் இருந்தன.

முந்நூறு பேரை ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்து ஒருவர் மேடையில் ஊக்கமாகப் பேசுவது அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம்மிடம் அதிகம் நடப்பது அதுதான். நானே நடத்தியிருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்கிற நாக் குழு வரும்போது ஐந்தாவது அளவுகோலில் மாணவர் நலன் என்று கேட்பார்கள். அதற்குள் கேரியர் கவுன்சலிங் எத்தனை நடந்தது, எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்ற கணக்கும் வரும். எனவே பேனர், போட்டோ, கையெழுத்துத் தாள், கருத்துப் படிவம், சாயா, வடை. கோப்பு கனமாகிவிடும்.

அப்படி ஒரு கோப்புக்காக நான் செய்த தப்பு ஒன்று இன்னும் உறுத்துகிறது. ஒரு கல்லூரியில் பிளேஸ்மென்ட் பொறுப்பில் இருந்த காலம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்று ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அதைப் பற்றிப் பேச வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்தேன். ஜனவரி மாதம். அருமையான பேச்சு. முடிந்ததும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், எப்போ அப்ளை பண்ணணும்?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். விண்ணப்பம் செப்டம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும், தேர்வு பிப்ரவரியில். அதாவது மூன்று மாதம் முன்பே கதவு சாத்தியாகிவிட்டது. அன்றைய கருத்துப் படிவங்களில் முக்கால்வாசி 'மிக நன்று' என்றே இருந்தன. அவள் எழுதியதை மட்டும் தேடிப் பார்த்தேன். ஒன்றும் எழுதாமல் வெறும் தாளைக் கொடுத்திருந்தாள்.

உங்கள் மகளுக்கு இப்போது நாலாவது செமஸ்டர் என்பதால்தான் இந்தக் கடிதம் எனக்குச் சந்தோஷம். பெரும்பாலும் ஆறாவது செமஸ்டரில், பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் பெற்றோர் கேட்பார்கள்.

அந்த 58 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்துகிற இந்திய அணுமின் கழகம், ஸ்டைபண்டரி டிரெய்னி (உதவித்தொகையோடு பயிற்சி பெறுபவர்) என்ற பெயரில் ஆட்களை எடுக்கும்போது டிப்ளமோக்காரர்களோடு பி.எஸ்சி. படித்தவர்களையும் எடுப்பதுண்டு. அதற்கு 60 சதவீதம் கேட்பார்கள், வயது 25-க்குள் இருக்க வேண்டும், எந்தெந்தத் துணைப்பாடம் படித்திருக்க வேண்டும் என்பதும் அறிவிப்பில் இருக்கும். 58-க்கும் 60-க்கும் இரண்டு சதவீதம்தான் வித்தியாசம், ஆனால் விண்ணப்பமே போட முடியாது. இன்னும் மூன்று செமஸ்டர் இருக்கிறது. எல்லாச் செமஸ்டருக்கும் ஒரே மாதிரி மொத்த மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், மீதி மூன்றிலும் சராசரியாக 62 எடுத்தால் மொத்தம் 60-ஐத் தொட்டுவிடும். நாலு மார்க் கூடுதல். இது முடியாத காரியமா? ஆனால் இதை ஒருத்தர் இப்போதே சொன்னால்தான் முடியும். கடைசி செமஸ்டரில் சொன்னால் அந்த ஒரே செமஸ்டரில் 60-க்கு மேல் எவ்வளவோ எடுக்க வேண்டியிருக்கும். கேரியர் கைடன்ஸ் என்ற பெரிய பெயருக்குள்ளே நிஜமாக இருக்கிற சரக்கு பெரும்பாலும் இந்த மாதிரி சின்னக் கணக்குகள்தான்.

நம்ம மாவட்டத்தைச் சுற்றி இயற்பியல் படித்த பிள்ளைக்குப் பார்க்க வேண்டிய இடங்கள் குறைவில்லை. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், அந்தப் பக்கம் தும்பாவில் இஸ்ரோவின் விண்வெளி மையம், மணவாளக்குறிச்சியில் அரிய மணல் ஆலை, ஆரல்வாய்மொழி தாண்டினால் முப்பந்தல் காற்றாலைகள். பஸ்ஸில் போகும்போது காற்றாலையைப் பார்க்காத பிள்ளை இந்த ஊரில் இல்லை. அதைப் பராமரிக்க யார் போகிறார்கள், என்ன படித்தவர்கள் என்று கேட்ட பிள்ளையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இதில் எல்லா வாசலும் பி.எஸ்சி.க்குத் திறக்கும் என்று சொல்ல மாட்டேன். பல இடங்களில் என்ஜினியரிங், ஐ.டி.ஐ. படித்தவர்களைத்தான் கேட்பார்கள். எது திறக்கும், எது திறக்காது என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

பட்டம் வாங்கியதும் அப்ரண்டிஸ் பயிற்சி என்று ஒரு வழி இருக்கிறது, அது நம்மவர்களுக்கு அதிகம் தெரியவில்லை. அப்ரண்டிஸ் சட்டம் 1961-இலேயே வந்தது. 2014-இல் திருத்திய பிறகு பி.எஸ்சி., பி.ஏ., பி.காம். மாதிரிப் பட்டங்களுக்கும் இடம் வந்தது. ஒரு நிறுவனத்தில் ஒரு வருஷம் வேலை பழகலாம், மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. 2019 விதியில் பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனால் 'முன் அனுபவம் உண்டா' என்று கேட்கும்போது சொல்ல ஒரு வருஷம் இருக்கும். என்.ஏ.டி.எஸ். என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கல்லூரியிலேயே கேட்டால் காட்டித் தருவார்கள்.

35,000 ரூபாய் கேட்கிறவர்கள் பற்றி நீளமாக எழுத ஒன்றும் இல்லை. வேலைக்கு ஆள் வேண்டும் என்கிறவர் சம்பளம் கொடுப்பார், பணம் கேட்க மாட்டார். பயிற்சிக்குத்தான் பணம் என்றால் அது வேறு, அதற்கு அவர்கள் 'உறுதி' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. போன வருஷம் படித்த பத்துப் பேரின் போன் நம்பர் கேளுங்கள், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்பத் தருவோம் என்று ஒப்பந்தம் எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு மாறும் பாருங்கள். 2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி வழியாகவே கட்டணமில்லாமல் திறன் வகுப்புகள் நடக்கின்றன. மகள் அதில் எந்த வகுப்பில் இருக்கிறாள் என்று கேளுங்கள். மார்க்குக்காக ஒப்புக்குப் படித்துவிட்டு விட்டிருந்தால், அதைத் திரும்ப எடுத்து ஒழுங்காக முடிக்கச் சொல்லுங்கள்.

பி.எட். பற்றி. அது இரண்டு வருஷம். அப்புறம் தகுதித் தேர்வு, அதற்குப் பிறகு நியமனம், அது அரசு கையில். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உங்கள் மகளுக்குப் பிரியம் உண்டா? உண்டு என்றால் தாராளமாகப் படிக்கலாம். வேறு வழி தெரியவில்லை என்பதற்காகப் போடுவதானால், அந்த இரண்டு வருஷத்தின் செலவு யார் தலையில் விழும் என்று உங்களுக்குத்தான் தெரியும், சொந்தக்காரர்களுக்கு அல்ல.

நம் தலைமுறைக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கிற இடம். நாகர்கோவில் கோணத்தில் இருக்கிற அந்த அலுவலகத்தின் பெயரிலேயே இப்போது 'தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்றும் சேர்ந்திருக்கிறது. அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் வழியாக அரசுத் தேர்வுகளுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறார்கள். தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்துகிறார்கள். முகாமுக்கு ஒரு தடவை மகளைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், வேலை கிடைக்க வேண்டும் என்றுகூட இல்லை. நாலு மேஜையில் நாலு பேரிடம் தன் பெயரையும் படிப்பையும் தடுமாறாமல் சொல்லிப் பழக அதைவிட மலிவான இடம் இல்லை. படிப்பு முடிந்த பிறகு முதல் இன்டர்வியூவிலேயே அதைப் பழக நினைப்பவர்கள்தான் வெளியே வந்து அழுகிறார்கள்.

இனி அந்தச் சனிக்கிழமை. போகட்டும். ஆனால் மூன்று வருஷமும் ஒன்றுவிடாமல் போன அந்தப் பையனைப் போலப் போக வேண்டாம். அவன் போனான், உட்கார்ந்தான், கையெழுத்துப் போட்டான், வந்தான் என்று நினைக்கிறேன். உங்கள் மகள் போகும்போது கையில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போகட்டும். நம்ம டிபார்ட்மென்டில் கடைசி ஐந்து வருஷம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேரிடம் நான் பேச முடியுமா, என் ரெஸ்யூமை யார் பார்த்துத் திருத்துவார்கள். இதற்கு அங்கே பதில் இருந்தால் அந்தச் செல் உயிரோடு இருக்கிறது. பதில் இல்லை, பேச்சுதான் என்றால் மாதாமாதம் போக வேண்டியதில்லை, டிபார்ட்மென்டில் அக்கறையுள்ள ஓர் ஆசிரியரைப் பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் அப்படி ஒருவராவது இருப்பார், பிள்ளைகளுக்கே அவர் யார் என்று தெரியும்.

ரெஸ்யூம் என்றதும் மெட்ரோலாக்குக்கு வருகிறேன். என்னிடம் வருகிற ரெஸ்யூம்கள் பத்தில் எட்டு ஒரே அச்சு. மேலே 'நல்ல நிறுவனத்தில் பணியாற்றி என் திறமையை வளர்க்க விரும்புகிறேன்' என்று ஒரு வரி, நடுவில் மார்க், கீழே அப்பா பெயர், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, கடைசியில் மேற்கண்ட அனைத்தும் உண்மை என்று உறுதிமொழி. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். உங்கள் மகளும் அப்படித்தான் எழுதி வைத்திருப்பாள், பந்தயம் கட்டுகிறேன். பால் கணக்கை அதில் சேர்த்திருக்க மாட்டாள். வீட்டு வேலைதானே என்று நினைத்திருப்பாள்.

மெட்ரோலாக் என்பது என்ன? பாலில் மிதக்க விட்டு அடர்த்தியைப் பார்க்கிற கருவி, கல்லூரி லேபில் ஹைட்ரோமீட்டர் என்று படித்தது அதுதான். ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, மிதக்க விட்டு, வருகிற அளவை மூன்றால் பெருக்குவார்கள். அப்படியானால் தண்ணீர் அளப்பதில், கண் மட்டத்தில் வைத்துப் பார்ப்பதில், நுரையை விலக்குவதில் வருகிற தப்பும் மூன்றால் பெருகும். லேபில் பாலைக் கட்டியாக்கி, உலர்த்தி, எடை போட்டுப் பார்த்தால்தான் சரியான அளவு. உங்கள் மகள் அந்த 28-ஐ ஏன் நம்பவில்லை? நூறு கிலோ பாலில் 28-க்கும் 33-க்கும் ஐந்து கிலோ ரப்பர் வித்தியாசம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதோடு எந்த இடத்தில் தப்பு வரலாம் என்றும் தெரிந்திருந்தது. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறவர்கள் தேடுவது சரியாக இதைத்தான். இது பாடத்தில் படித்ததில்லை, வண்டிக்காரர் முன்னால் நின்று செய்தது. இன்டர்வியூவில் இரண்டு நிமிஷம் சொல்ல இதைவிட நல்ல கதை வேறு பிள்ளைகளிடம் இருக்காது.

நீங்களும் கூடப் போகலாமா என்று கேட்டீர்கள். முதல் தடவை கல்லூரி வாசல் வரை போங்கள், உள்ளே அவள் மட்டும் போகட்டும். அப்பா பக்கத்தில் இருந்தால் கேட்பவர் அப்பாவைப் பார்த்துத்தான் பேசுவார், பிள்ளை வாய் திறக்காது. உங்கள் பங்கு வேறொன்று. அந்த ஒரு சனிக்கிழமை பால் வண்டி வரும்போது நீங்களே பக்கத்தில் நின்று அளவைப் பாருங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று முந்தின நாள் ராத்திரி அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லித் தருவாள்.

அவள் மெட்ரோலாக் விஷயத்தை ஐந்தாறு வரியில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி எனக்கு அனுப்பட்டும். தப்பு இருந்தாலும் பரவாயில்லை, வேறு யாரையும் திருத்தச் சொல்ல வேண்டாம். அன்றைக்கு எத்தனை கிலோ பால் இருந்தது, லேப் முடிவு வர எத்தனை நாள் ஆனது என்ற எண்கள் இரண்டும் அதில் இருக்க வேண்டும்.